வெள்ளிக்கிழமைக்குள்

நான்காம் மாடி. முன்பு பெட்டிகள் கிடந்த அறை.
ஒன்பதடிக்கு எட்டடி.
வெள்ளி மாலை கலினா வருகிறாள்.
ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் இங்கே
என்று நீதிமன்றத் தாளில் இருக்கிறது.
அறை எப்படி இருக்கவேண்டும் என்று அதில் இல்லை.

நான் வூச் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவன்.
எனக்குத் தெரிந்த ஒரே டிசைன் தண்டவாளம்.
இரண்டு கோடு, இடையில் கல், மழைநாளில் மினுக்கம்.
அதனால் முதலில்
கோடு போட்ட திரைச்சீலை வாங்கினேன், நீலமும் வெள்ளையும்.
மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால்
கைதிக்குச் சட்டை தைத்து
ஜன்னலுக்குப் போட்டதுபோல் இருந்தது.

பழைய மில் மதிலை ஒட்டித் துணிக்கடை.
கடைக்காரி யுடிட்டா, என்னைவிடச் சின்னவள்,
கழுத்தில் அளவுநாடா, உதட்டோரம் குண்டூசி.
"பெரிசு ஒன்று, நடுத்தரம் ஒன்று, பொடிசு ஒன்று.
மூன்றிலும் ஒரு நிறம் பொதுவாக ஓடட்டும்.
அவ்வளவுதான், ஒரு குடும்பம் மாதிரி" என்றாள்.
பிறகு என் முகத்தைப் பார்த்து
குண்டூசியை எடுத்து மேஜையில் வைத்தாள்.
மீட்டருக்கு இரண்டு ஸ்வாட்டி குறைத்தும் கொடுத்தாள்.

பெரிசு: சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பாப்பிப் பூக்கள், போர்வைக்கு.
நடுத்தரம்: கட்டம், நாற்காலிக்கு.
பொடிசு: மிளகு சிதறியதுபோல் புள்ளி, தலையணைக்கு.
பொது நிறம் சிவப்பு.

கடையின் குழல்விளக்கில் அண்ணன் தம்பியாய் இருந்த மூன்று சிவப்பும்
வீட்டு மஞ்சள் பல்பின் கீழ்
ஒன்றையொன்று தெரியாது என்றுவிட்டன.
ஒன்று செங்கல்.
ஒன்று பீட்ரூட் சூப்.
ஒன்று, நில் என்கிற சிக்னல்.

வியாழன் இரவு பதினொன்றரை.
கட்டத்தைக் கட்டிலுக்கு மாற்றினேன்.
பூவை நாற்காலிக்கு இழுத்தேன்.
நாற்காலி பூச்செண்டு பிடித்த குண்டு மனிதராகிவிட்டது.
திரும்ப மாற்றினேன்.
கீழ்வீட்டு ஸ்டெலாகோவ்ஸ்கி துடைப்பக்கட்டையால்
கூரையை மூன்று தட்டு தட்டினார்.
தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் யோசித்தேன்.
அந்த வீட்டில் அவள் போர்வையில் என்ன டிசைன்?

ஏழு வருஷம்
கடைசி டிராமை ஷெட்டில் விட்டு வந்து
விலகிக் கிடக்கும் அதை இழுத்து மூடியிருக்கிறேன்.
விளக்குப் போடாமல்.
ஒரு மூலையில் தையல் முடிச்சு,
நடுவில் எதையோ கொட்டிக் காய்ந்த மொறமொறப்பு,
இவை கைக்குத் தெரியும்.
படகா, பறவையா, வெறும் வெள்ளையா,
கேட்டால் சொல்லத் தெரியாது.
பொஷெனாவுக்குப் போன் செய்து கேட்கலாம்.
கேட்கவில்லை.

வெள்ளி. நனைந்த ஷூ, முதுகில் பை, பதினோரு வயது.
வாசலில் நின்று
ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள்.
"அப்பா, எல்லாம் ஒரே நேரத்துல பேசுது."

"மாத்திடலாம்" என்றேன். "ரசீது இருக்கு."

அவள் கேட்கவில்லை.
போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து
ஒரு உதறு, ஒரு புரட்டு.
உள்பக்கம் மேலே வந்தது.
சாயம் முழுதாய் இறங்காத பக்கம்.
அதே பூக்கள்தான்,
பனி படிந்த டிராம் கண்ணாடிக்கு அந்தப்புறம்
யாரோ பிடித்துக்கொண்டு நிற்பதுபோல்.
கட்டம் கொஞ்சம் தணிந்தது.
புள்ளி தன் பாட்டுக்குப் புள்ளியாய் இருந்தது.
திரைச்சீலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
இழுத்து மட்டும் விட்டாள்.

பிறகு பையிலிருந்து ஒரு ஸ்வெட்டர்,
பிஸ்தாப் பச்சையில் வளைந்து வளைந்து ஓடும் கோடு,
எதனோடும் எந்த ஒட்டும் உறவும் இல்லாதது,
நாற்காலி முதுகில் போட்டாள்.
ஈரம் சொட்டியது.

நாலு மணி பத்துக்கு முதல் டிராம்.
கிளம்பும்முன் கதவைத் தள்ளினேன்.
போர்வை விலகிக் கிடந்தது.
இழுத்து மூடினேன்.
அழுத்தச் சிவப்பெல்லாம் இப்போது
அடியில், அவள் பக்கம்.

அந்தப் பச்சைக்கு என்ன செய்வது என்று
யுடிட்டாவிடம்தான் கேட்கவேண்டும்.